காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில், நான்காவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளை உட்கார வைத்துக் காலநிலை மாற்றம் பற்றிப் பேசுகிறோம், அளக்கிறோம், எழுதுகிறோம். பெற்றோர், ஆசிரியர்கள், தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க நினைக்கும் மாணவர்கள் என்று பலரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிட்டேன். பிள்ளைகள் கேட்டவையும் நடுநடுவே இருக்கின்றன. கஷ்டமானவை அவர்களுடைய கேள்விகள்தான்.

இது டியூஷனா? பணம் கட்ட வேண்டுமா?

இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து அனுப்பினால் போதும்.

பாடப் புத்தகத்திலேயே இதெல்லாம் இருக்கிறதே, தனியாக எதற்கு?

இருக்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. எங்கள் பிள்ளைகள் பசுமை இல்ல வாயுக்களின் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். "போன ஐப்பசியில் நம்ம ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை?" என்று கேட்டால்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான். உலகம் சூடாகிறது என்பது மனப்பாடமாக இருக்கிறது; தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பற்றி ஒரு எண்கூடக் கையில் இல்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

வெயில் தாங்காமல் 2023-ல் பள்ளி திறப்பைப் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று அரசு தள்ளி வைத்தது. லீவு நீண்டதல்லவா, பிள்ளைகளுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேச்சை அங்கே ஆரம்பித்தால் பாடம் தானாக வந்துவிடுகிறது.

வகுப்பில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

முதல் வேலை மழைமானி. பக்கம் நேராக இருக்கிற தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்து வாயில் புனல் மாதிரி செருக வேண்டும். பாட்டிலின் அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும். அதனால் உள்ளே கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியம் என்று கோடு போட வேண்டும். அதற்கு மேலே ஸ்கேல் ஒட்டினால் முடிந்தது. மரம், கூரை எதுவும் மறைக்காத இடத்தில் கல் அண்டக் கொடுத்து வைக்கிறோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை எட்டரை மணிக்கு அளவு எடுக்கிறது என்பதால் நாங்களும் எட்டரைக்கே எடுக்கிறோம். பள்ளி நாளென்றால், வீட்டில் இருக்கிற அப்பத்தாமார்கள்தான் அளவு எடுப்பது. கோட்டைப் பார்த்துச் சொல்ல ஸ்கூல் படிப்பு வேண்டியதில்லை.

ஊரில் யாரும் மில்லிமீட்டரில் பேசுவதில்லை. "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்பதுதான் கணக்கு. ஏர் ஓட்டுகிற ஆழத்துக்கு ஈரம் இறங்கினால் அது ஒரு உழவு. ஒருநாள் ஒரு பையனுடைய அப்பாரு (தாத்தா) "ஒரு உழவு பேஞ்சிருக்குது" என்று சொன்னார். பாட்டிலில் பார்த்தால் 22 மி.மீ. பக்கத்துக் கரிசக்காட்டுக்காரர் அதே மழையை "ஒரு உழவுக்குப் பத்தாது" என்றார். செம்மண்ணில் ஈரம் சீக்கிரம் கீழே போகும், கரிசலில் மேலேயே நிற்கும். ஒரே மழைக்கு ஏன் இரண்டு கணக்கு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அப்புறம் பெருக்கல். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 22 மி.மீ. விழுந்தால் 1,100 லிட்டர். அவ்வளவும் சாக்கடைக்குப் போனது என்று தெரிந்தபோது வாயைப் பிளந்தார்கள்.

இரண்டாவது வேலை வெப்பமானி. வேப்பமர நிழலில் ஒன்று, ஓட்டு வீட்டுக்குள் ஒன்று, தகர ஷீட் போட்ட வீட்டுக்குள் ஒன்று. பாதரசம் வேண்டாம், உடைந்தால் ஆபத்து. மத்தியானத்தில் ஷீட் வீடு மற்ற இரண்டையும்விட அதிகம் காட்டும். வீட்டுக்குள் அடிக்கிற அந்தக் கூடுதல் சூடு கூரையால் வருவது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுபடி அளந்தால் இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு வருஷம் மழை கம்மியானால் அது காலநிலை மாற்றமா?

ஒரு வருஷத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உலக வானிலை அமைப்பு 30 வருஷச் சராசரியை எடுத்துத்தான் ஒரு இடத்தின் காலநிலையைச் சொல்கிறது. நம் பாட்டில் கணக்குக்கு அவ்வளவு வயசு ஆகவில்லை. அதனால் பழைய கணக்குக்கு இரண்டு வழி: அரசாங்கப் பதிவேடு, வீட்டுப் பெரியவர்கள்.

பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னதில் ஒரு நோட்டில் இப்படி இருந்தது: "அப்பாரு: அப்பெல்லாம் ஆடிக் காத்து ஆளையே தூக்கும், இப்பக் காத்தே இல்லீங். அப்பத்தா: காத்து அதே காத்துதான், அவருக்குத்தான் காது கேக்கறதில்லை." மண்டபமே சிரித்தது. ஆனால் அதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குக் கிடைக்காது. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்த இரண்டு பேரின் நினைவு ஒத்துப்போகவில்லை. அப்போது யாரை நம்புவது? அளந்து எழுதி வைத்ததை. வானிலைத் துறை 1875-ல் தொடங்கியது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் காலநிலைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நம் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 600, 700 மி.மீ. மழைதான், தமிழ்நாட்டுச் சராசரி சுமார் 920. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கதி. காடு காய்ந்து கிடப்பது மலை நின்ற நாளிலிருந்தே இருக்கிற சங்கதி. அதையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

கண்ணாடி ஜாடிப் பரிசோதனை செய்து காட்டுவீர்களா?

செய்வதில்லை. இரண்டு ஜாடியை வெயிலில் வைத்து, ஒன்றை மட்டும் மூடி, மூடியது சூடாகிறது பாருங்கள் என்று யூடியூப் முழுக்கக் காட்டுகிறார்கள். மூடிய ஜாடி சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே இருக்கிற சூடான காற்று வெளியே போக முடியாததுதான். வளிமண்டலத்துக்கு மூடி கிடையாது. தப்பான காரணத்தைக் காட்டிச் சரியான முடிவைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அதற்குப் பதில் மார்கழி இருக்கிறது. வானம் பளிச்சென்று நட்சத்திரமாகக் கிடக்கிற ராத்திரிக்கு மறுநாள் விடியக்காலையில் குளிர் எப்படி இருக்கும், மேகம் மூடிய ராத்திரிக்கு மறுநாள் எப்படி இருக்கும் என்று வாசல் தெளிக்க எழுந்த எந்த அம்மாவுக்கும் தெரியும். வெப்பமானியும் அதையே சொல்கிறது. பகலில் சூடான பூமி ராத்திரியில் அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே விடுகிறது. மேகமும் நீராவியும் அதை வாங்கி, ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. கார்பன் டை ஆக்சைடும் செய்வது இதையேதான். மேகம் கலைந்து போகும், இது போகாது. இந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுவதை ஜான் டிண்டால் 1859-லேயே அளந்துவிட்டார். இது கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வாந்தே அரேனியஸ் 1896-ல் கையால் கணக்குப் போட்டார். 'நேத்து யாரோ கிளப்பி விட்ட புரளி' என்று சொல்கிற மாமாக்களுக்கு இந்த இரண்டு வருஷங்களைச் சொல்லுங்கள்.

(ஆறாம் வகுப்பு) "ஏனுங்க்கா, நாம மூச்சு விடறதும் கார்பன் டை ஆக்சைடுதானுங்? அப்ப நாமளும் காரணமுங்களா?"

மூச்சு காரணமில்லை. நீ விடுகிற கரி (கார்பன்) நீ தின்ற சோற்றிலிருந்து வந்தது. சோற்றுக்கு அது நெற்பயிரிலிருந்து, பயிருக்குப் போன பருவத்துக் காற்றிலிருந்து. எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறாய். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த கரி. அதை எடுத்து எரிப்பதால்தான் காற்றில் புதுசாகச் சேருகிறது.

தோட்டத்துத் தொட்டியை நினைத்துக்கொள். கீழே ஒரு சின்ன ஓட்டை. கடலும் காடும் மண்ணும் அந்த வழியாகக் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன. மேலே மோட்டாரை முழுசாகப் போட்டுவிட்டால் மட்டம் ஏறத்தானே செய்யும்? தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு. ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மோட்டாரைக் கொஞ்சம் குறைத்தாலும் மட்டம் உடனே இறங்காது, ஏறுகிற வேகம்தான் குறையும். இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தானே வெயில் கூடிப்போச்சு?

இல்லை, அது வேறு விஷயம். ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் பயன்படுத்திய சில வாயுக்களால் ஓசோன் படலம் மெலிந்தது. 1987-ல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு அவற்றை நிறுத்தத் தொடங்கின. படலம் மெல்லத் தேறி வருகிறது. ஆசிரியர்களும் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் தனியாக எழுத வேண்டியதாயிற்று.

நொய்யல் ஆறு நாறுவதும், போர் (ஆழ்துளைக் கிணறு) ஆயிரம் அடிக்குப் போனதும் காலநிலை மாற்றத்தால்தானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

நொய்யல் கெட்டது சாயக் கழிவாலும் சாக்கடையாலும். வெள்ளியங்கிரியில் பிறந்து வருகிற ஆறு திருப்பூரைத் தாண்டும்போது என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் கட்டி முடித்த அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கும் உலக வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை. யார் செய்தது, யார் சரி செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகிற விஷயம்.

போர் ஆழம் போனதற்கு முதல் காரணம், மழை உள்ளே விடுவதைவிட நாம் அதிகம் உறிஞ்சியது. இங்கே காலநிலைக்கும் ஒரு பங்கு உண்டு. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைக்கும். வெயில் நாளில் மண்ணிலிருந்து அதிகம் உறிஞ்சும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும். கொட்டுகிற மழை மண்ணுக்குள் இறங்க நேரமில்லாமல் ஓடிவிடும். 2016-ல் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசு அறிவித்ததே, அப்போது காய்ந்த தென்னந்தோப்புகளை எல்லாரும் பார்த்தோம். அதில் மழையின் பங்கு எவ்வளவு, போரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் பிள்ளைகளைப் பழக்குகிறேன். பலகையில் மூன்று கட்டம் போடுவோம்: 'நம்ம ஊர் செய்தது', 'உலகம் செய்தது', 'ரெண்டும்'. ஒவ்வொரு பிரச்சினையையும் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று சண்டையே நடக்கும். எல்லாப் பழியையும் காலநிலையின் தலையில் போட்டுவிட்டால் சாயத் தண்ணீர் விட்டவருக்கும் ஏரியை ஆக்கிரமித்தவருக்கும்தான் கொண்டாட்டம்.

"வெயில் நல்லா அடிச்சாத்தானே கண்ணு களத்துல தேங்காய் காயும்? கூடினா நல்லதுதானே?"

கொப்பரைக் களத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா கேட்டது. எங்கள் பக்கம் களம்தான் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு. வெயிலைத் திட்டிப் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கொப்பரை காய வெயில் வேண்டும், வாஸ்தவம். ஆனால் அதற்கு வேண்டியது தொடர்ந்து வறண்ட நாட்கள். காய்ந்துகொண்டிருக்கும்போது எதிர்பாராத மழை விழுந்தால் பருப்பு பூஞ்சை பிடித்து விலை விழும். இரண்டு டிகிரி வெயில் கூடுவது தேங்காயைவிடக் களத்தில் குனிந்து கிளறுகிற ஆளைத்தான் அதிகம் வாட்டும். 2024 கோடையில் ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டிய நாட்கள் இருந்தன. அந்த வருஷமே வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, "பணத்தை விடு, பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் நெழல்ல உக்கார முதலாளிகிட்ட யாரு சொல்றது?" என்றார். சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் விட்டேன். இப்போது களத்து ஓரத்தில் இருக்கிற வெப்பமானியை அவர்கள்தான் பார்த்து எழுதுகிறார்கள்.

காங்கேயம் மாடுகூடவா பூமியைச் சூடாக்குகிறது?

அசை போடுகிற எல்லா மாடும் ஏப்பத்தில் மீத்தேன் விடும். நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூட்டைப் பிடிக்கும். ஆனால் பன்னிரண்டு வருஷம் போலத்தான் காற்றில் நிற்கும். தண்ணீர் கட்டிய நெல் வயலும் மீத்தேன் விடும். நம்ம மாடு என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். அதே சமயம், கட்டுத்தரையில் நாலு மாடு வைத்திருக்கும் வீட்டுப் பையனை எண்ணெயும் நிலக்கரியும் எரித்த நாடுகளோடு ஒரே வரிசையில் நிறுத்தவும் மாட்டேன்.

மரக்கன்று நடுவீர்களா?

அதிகமில்லை. நட்டு, ஃபோட்டோ எடுத்து, சித்திரையில் காய விடுகிற விழாக்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் வேம்பு, புங்கன் நடுகிறோம், அவ்வளவுதான்.

அதற்குப் பதில் மாடு மேய விடுகிற கொறங்காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு அது சும்மா கிடக்கிற தரிசு மாதிரித் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலாம் மரம். மழை பெய்தால் புல், காய்ந்தால் வேலங்காய் என்று ஏறக்குறைய வருஷம் முழுக்க மாட்டுக்குத் தீனி. உழாத மண், பல வருஷப் புல்லின் வேர். கரியை மண்ணுக்குள்ளேயே பிடித்து வைக்க இதைவிட என்ன வேண்டும்? மண்வெட்டியால் ஒரு கொத்துப் புல்லைத் தோண்டி, வேரைத் தாளில் விரித்து ஸ்கேலால் அளக்கச் சொன்னேன். மேலே இருந்த புல்லைவிட வேர் நீளம். இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற பாதை) ஓரத்தில் பறவைக் கூடு எண்ணுவதும் அதே நாளில் நடக்கும். இப்படிப்பட்ட இடத்தைத் தரிசு என்று கணக்கெழுதி, குழி தோண்டி மரம் நட்டால் அது பசுமை ஆகாது. சைட் பிரித்து விற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

(ஏழாம் வகுப்பு) "பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாடி இருக்குதுங்களே, அப்புறம் ஏன் லைட்டை அமத்தச் சொல்றீங்?"

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும்தான் நன்றாகச் சுற்றும். நம் ஊர் நூல் மில்காரர்கள் காற்றாலை போட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். மற்ற மாதங்களிலும் ராத்திரி விளக்கு எரிய வேண்டுமே. அப்போது மேட்டூர் மாதிரி நிலக்கரி எரிக்கிற நிலையங்கள் ஓடியாக வேண்டும்.

பிள்ளைகள் பயந்துவிட மாட்டார்களா?

பயந்துதான் வருகிறார்கள். பத்து வருஷத்தில் உலகம் அழியும் என்று போனில் ஏதோ பார்த்துவிட்டு ஒரு பெண் தூங்கவில்லை என்று அவள் அம்மா வந்து சொன்னார். அப்படி ஒரு தேதி கிடையாது. 2024-ல் பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தையதைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. இது ஏறுகிற ஒவ்வொரு அரை டிகிரிக்கும் தொல்லை கூடும், தடுக்கிற ஒவ்வொரு அரை டிகிரிக்கும் குறையும். இதை அப்படியே சொல்கிறேன். எட்டு வயசுக்குக் கீழே வருகிற தம்பி தங்கைகளுக்கு மழை அளப்பதும் பூச்சி பார்ப்பதும் மட்டும்தான். பனிக்கரடிப் படம் யாருக்கும் காட்டுவதில்லை.

வடநாட்டுப் பிள்ளைகளும் வருகிறார்களா?

வருகிறார்கள். அரிசி ஆலையிலும் மில்லிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுகிறார்கள். எங்களுக்கு மழை வராதது தொல்லை, பீகாரில் ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு வெள்ளம் வீட்டுக்குள் வருவது தொல்லை. இரண்டையும் ஒரே மண்டபத்தில் கேட்பது எங்கள் பிள்ளைகளுக்கு நல்லது.

எங்கள் ஊரில் நானும் தொடங்கலாமா? எப்படி?

தாராளமாக. முதலில் பெற்றோர் சம்மதம், எழுத்தில் வாங்குங்கள். திறந்த இடமாகப் பாருங்கள். உங்களைத் தவிர ஊர்ப் பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். பிள்ளைகள் படத்தை எங்கேயும் போடாதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை வேறு தொல்லையைச் சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பல பள்ளிகளில் 2001-லிருந்தே தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறது, அதைக் கவனிக்கிற ஆசிரியர் கை கொடுப்பார். பரீட்சை மாதமும் மாரியம்மன் நோம்பியும் வந்தால் ஒருவரும் வர மாட்டார்கள், கவலைப்படாதீர்கள். மழைமானிக்கு லீவு கிடையாது என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

சான்றிதழ் தருவீர்களா? போட்டி வைப்பீர்களா?

இரண்டும் இல்லை. ஓவியப் போட்டி வைத்தால் அழுகிற பூமி உருண்டையைத்தான் எல்லாரும் வரைகிறார்கள். வேண்டுமானால் உங்கள் பிள்ளையின் மழை நோட்டை வாங்கிப் பாருங்கள்.

பெற்றோர் ஏதாவது உதவ முடியுமா?

பக்கம் நேரான காலி பாட்டில்களைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். ஐப்பசிக்கு முன்னால் இன்னும் நிறைய வேண்டும். இடுப்பு வளைந்த பாட்டில் வேண்டாம், அளவு தப்பாக வரும்.